குஷன்களுக்கு நடுவே அப்பா

சோபாவின் இடுக்கில் கையை விட்ட இளையவள் சட்டென்று வெளியே இழுத்துக்கொண்டாள். விரல்களில் ஒட்டிக்கொண்டு வந்தவை நகத்துண்டுகள்.

அரைவட்டமாக, மஞ்சளாக, அழுக்கேறிய விளிம்போடு ஒரு பிடி இருக்கும். கூடவே பிஸ்கட் தூள், தலைமுடிச் சுருள், மென்று துப்பிய மாதிரி ஏதோ ஒன்று.

வயிற்றைப் பிரட்டியது. அண்ணனின் வேலைதான். சின்ன வயதில் நகத்தை வெட்டி நாற்காலி இடுக்கில் செருகி அம்மாவிடம் அடி வாங்கியவன், ஐம்பதை நெருங்கும்போதும் அதையேதான் செய்கிறான். அடிக்க இப்போது அம்மா இல்லை, அவ்வளவுதான்.

"என்ன, நின்னுட்ட?" என்றான் அண்ணன், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒரு பழைய பேப்பர் கொடு. உன் நகத்தை உங்கிட்டயே ஒப்படைச்சிடறேன்."

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா பொடிசு? அவங்க வர்ற நேரமாச்சு. மேல எதையாவது போட்டு மூடு. அதுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டது."

மேலே எதையாவது போட்டு மூடுவது. தங்கையின் தொழிலைப் பற்றி அண்ணன் புரிந்து வைத்திருந்தது அவ்வளவுதான்.

அவள் ஒரு பர்னிச்சர் கம்பெனியில் படங்களுக்காக அறைகளை அலங்கரிப்பவள். அச்சில் வரும் அந்தப் பளபளப்பான வீடுகளில், யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி சோபாவில் ஒரு குஷன் சாய்ந்து கிடக்குமே, அந்தச் சாய்வைக் கொண்டுவர அவளுக்குப் பாதி நாள் பிடிக்கும். அண்ணன் இதுவரை அதைத் தலையணை தட்டுகிற வேலை என்றுதான் சொல்லி வந்தான். போன வாரம் அவனே கூப்பிட்டு, "ஹாலைக் கொஞ்சம் அழகு பண்ணிக் கொடேன், அப்படியே அப்பாவையும் பார்த்த மாதிரி இருக்கும்" என்றபோது அவளால் தன் காதையே நம்ப முடியவில்லை.

பின்னே, மாசக்கணக்கில் அவளுக்குத் திறக்காத கேட் அது. அப்பா பக்கவாதத்தில் விழுந்த அன்று, "எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று அவள் மருத்துவமனை வராந்தாவில் சொன்னதும், "மகன்னு நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்று அவன் கத்தினான். அதோடு பேச்சு அறுந்து போனது. பிறகு அவள் வந்தபோதெல்லாம் ஒரு பதில். அப்பா தூங்குகிறார். அப்பா குளிக்கிறார். யாரையும் பார்க்க விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கடைசியில் சொன்னதுதான் அவளை முடக்கிப் போட்டது.

"அப்பா நல்லா நடக்கிறார், நல்லா பேசுறார். உன்னைப் பார்க்கத்தான் அவருக்கு இஷ்டமில்ல."

அவள் அதை நம்பினாள். அப்பாவின் கோபம் அவளுக்குத் தெரியும். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது கிளச்சை அழுத்தாமல் கியரை மாற்றினால் ஒரு நாள் முழுக்க முகத்தைப் பார்க்க மாட்டார். டிரைவிங் ஸ்கூல் நடத்தி இந்த ஊரில் பாதிப் பேரை ஸ்டியரிங் பிடிக்க வைத்தவர். அந்தப் பள்ளியைத்தான் இப்போது பெரிய கம்பெனி ஒன்று தன்னோடு சேர்த்துக்கொள்ள வருகிறது. மேலாளர் அம்மா ஒருவரும் புகைப்படக்காரர் ஒருவரும் வந்து, நிறுவனரைப் பார்த்துப் பேசி, குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு போவார்கள் என்று அண்ணன் சொல்லியிருந்தான்.

"அப்பா எங்கே?" என்று அவள் வந்ததும் கேட்டாள்.

"ரெடியாகிட்டிருக்கார். முதல்ல வேலையை முடி."

ஹாலில் எலுமிச்சை வாசனை தூக்கலாக இருந்தது. வாசனைத் திரவியத்தை யாரோ சுவர், திரை, மின்விசிறி என்று ஒன்றுவிடாமல் அடித்திருந்தார்கள். ஆனாலும் அதற்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. மூக்கு அதைப் பிடிக்கப் போகும்போதெல்லாம் எலுமிச்சை வந்து மறித்தது. சாக்கடை அடைத்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டாள்.

இடுக்கைத் துடைத்து, கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவி வந்து, வேலையை ஆரம்பித்தாள். கொண்டுவந்திருந்த குஷன் மூட்டையைப் பிரித்ததும் கைகள் தாமாகவே ஓடத் தொடங்கின. மூலைக்குப் பெரியவை, சாம்பல் நிற லினன். அவற்றுக்கு முன்னால் ஒரு சுற்று சின்னதாகப் பச்சை வெல்வெட். உறை ஒரு அளவு என்றால் உள்ளே திணிக்கும் பஞ்சு அதைவிட ஒரு அளவு பெரிது, அப்போதுதான் குஷன் சோர்ந்து போகாது. ஒவ்வொன்றையும் தட்டி நிமிர்த்தி, மேல் விளிம்பின் நடுவில் விரல்களைச் சேர்த்து உள்ளங்கை ஓரத்தால் ஒரு வெட்டு வெட்டினால் இரண்டு மூலையும் காது மாதிரி தூக்கி நிற்கும்.

அண்ணி உள்ளேயிருந்து ஒரு குஷனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். தங்க நிற ஜிகினாவில் 'நம் குடும்பம்' என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு ஜிகினாவும் மீன் செதில் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது.

"இதை நடுவுல வைக்கணும்னு உங்க அண்ணன் சொன்னார்."

"அண்ணி, இதை வச்சா ஏதோ நகைக்கடைத் திறப்பு விழா மாதிரி இருக்கும்."

அண்ணி சிரிக்கவில்லை. முன்பெல்லாம் இவள் ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுக்கிறவள். இன்று முகம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி வெறுமையாக இருந்தது. "வச்சிடும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு கணம் அங்கேயே நின்று, பிறகு உள்ளே போனாள்.

"பொடிசு, இடது மூலையில இடம் விடு" என்றான் அண்ணன். "அதுக்கு ரெண்டு பக்கமும் கெட்டியா இருக்கிற குஷனா வை. அமுங்கக் கூடாது. முதுகுக்கு ஒண்ணு. கழுத்துக்கு ஒண்ணு. அப்புறம் மடிக்கு ஒண்ணு."

"மடிக்கு எதுக்கு?"

"வச்சா நல்லா இருக்கும்னுதான். இதுல நீ பெரிய ஆளாச்சே, உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியவில்லை. உட்காருகிறவருக்காகக் குஷனை நகர்த்தித்தான் பழக்கம். ஆளைச் சுற்றி அணை கட்டிப் பழக்கமில்லை. ஆனாலும் அவன் சொன்னபடியே செய்தாள். சண்டை போட்டால் அப்பாவைப் பார்க்காமலே திருப்பி அனுப்பிவிடுவானோ என்கிற பயம்.

அப்போது பின்னறைக் கதவு திறந்தது. சக்கர நாற்காலி ஒன்று வந்தது.

அண்ணி தள்ளிக்கொண்டு வந்தாள். நாற்காலியில் அப்பா இருந்தார். இருந்தார் என்பதைவிட, நாற்காலியில் போட்டிருந்தார்கள். தலை ஒரு பக்கம் தொங்கியது. வலது கை மடியில் சுருண்டு கிடந்தது. வாயின் ஒரு ஓரம் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. முகத்தை மழித்து, தலையை வகிடெடுத்து வாரி, வெள்ளை முழுக்கைச் சட்டையைக் கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தார்கள். சென்ட் வாடை ஆளுக்கு முன்னால் வந்தது.

அந்தச் சென்ட்டுக்கு அடியிலும் அதே வாசனைதான். சாக்கடை இல்லை அது.

"அப்பா" என்றாள் இளையவள்.

அவருடைய இடது கண் அவளைக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்து, அங்கேயே நின்றது. தொண்டையில் ஏதோ உருண்டது, சொல்லாக வரவில்லை.

அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "நடக்கிறார்னு சொன்ன."

"நடந்தார். நடுவுல கொஞ்சம் பின்னடைவு. இப்ப அதெல்லாம் பேச நேரமில்ல. பிடி, தூக்கி உட்கார வைக்கணும்."

"பேசுறார்னு சொன்ன. என்னைப் பார்க்க இஷ்டமில்லன்னு சொன்னார்னு சொன்ன."

"பிடிங்கறேன்ல."

பிடித்தாள். இரண்டு பேரும் தூக்கி சோபாவின் இடது மூலையில் வைத்தார்கள். எவ்வளவு லேசாகிவிட்டார் என்று கைக்குத் தெரிந்தது. கெட்டிக் குஷன்களை அண்ணன் இரண்டு விலாவிலும் செருகினான். காலடியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது, பாதி நிரம்பி, தேநீர் நிறத்தில். அண்ணன் அதைக் காலால் சோபாவுக்கு அடியில் தள்ளினான். பையிலிருந்து வந்த குழாய் வேட்டிக்குள் போனது. மடிக்கு எதற்குக் குஷன் என்று இப்போது புரிந்தது.

"கழுத்துக்குப் பின்னால நீயே வை. உனக்குத்தான் அழகா வைக்கத் தெரியும்."

அப்பாவின் தோளைப் பிடித்து மெதுவாக முன்னால் சாய்த்தாள். சாய்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சட்டைக்கு முதுகு இல்லை.

காலரிலிருந்து கீழ் விளிம்பு வரை கத்தரியால் நேர்கோடாக வெட்டி, முன்பக்கத்தை மட்டும் போர்த்தி, இரண்டு ஓரத்தையும் பின்னால் செருகியிருந்தார்கள். பிணத்துக்குச் சட்டை போடுகிறவர்கள்தான் இப்படிப் போடுவார்கள். திறந்து கிடந்த முதுகில் பவுடர் திட்டுத் திட்டாக அப்பியிருந்தது. இடுப்புக்குச் சற்று மேலே முதுகெலும்பு முடிகிற இடத்தில் அந்தப் புண் இருந்தது. உள்ளங்கை அகலம். ஓரம் கறுத்து, நடுவில் மஞ்சளும் சிவப்புமாக நனைந்து, அதன் மேலும் பவுடர் கொட்டி, பவுடர் ஊறிக் கூழாகியிருந்தது. எலுமிச்சையும் சென்ட்டும் இத்தனை நேரம் மறைத்துக்கொண்டிருந்த வாசனை இங்கேயிருந்துதான் கிளம்பியது.

அவளுக்கு வாய்க்குள் உமிழ்நீர் சுரந்தது, வாந்திக்கு முன்னால் சுரக்குமே அப்படி. விழுங்கினாள்.

"இது என்ன அண்ணா?"

"படுத்தே இருந்தா வர்றதுதான். சின்னப் புண்ணு."

"சின்னப் புண்ணா இது? டாக்டர்கிட்டக் காட்டினியா?"

"எல்லாம் பவுடர் போட்டிருக்கு. ரெண்டு நாளைக்கு முன்னாடி இவ்வளவு இல்ல." அவன் புண்ணைப் பார்க்காமல், அப்பாவின் தலைக்கு மேலே இருந்த சுவரைப் பார்த்துப் பேசினான். "இந்தக் காரியம் ஒண்ணு முடிஞ்சிடட்டும். நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்."

அழைப்பு மணி அடித்தது.

அடுத்த சில நொடிகளில் தான் செய்ததை நினைத்தால் இளையவளுக்கு இன்றைக்கும் தன் கையையே வெட்டிப் போடலாம் போலிருக்கும். அவள் கத்தவில்லை. கதவைத் திறந்து வந்தவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. புண்ணில் படாத மாதிரி மெத்தென்ற பருத்திக் குஷன் ஒன்றை இடுப்புக்குக் கீழே கொடுத்து, கழுத்துக்கு வெல்வெட்டை வைத்து, அப்பாவைச் சாய்த்தாள். தலை நிமிர்ந்து நின்றது. அப்புறம் கை பழக்கத்தில் அந்த வெல்வெட்டின் மேல் விளிம்பில் விரல்களைச் சேர்த்து ஒரு வெட்டு வெட்டியது. இரண்டு காதும் தூக்கி நின்றன.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. கம்பீரமாக ஒரு பெரிய மனிதர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி. அது அவள் செய்த வேலை.

மேலாளர் அம்மா கையில் பூங்கொத்தோடு வந்தார். வாசலிலேயே அவருடைய மூக்கு ஒரு முறை சுருங்கி விரிந்தது. மரியாதை தெரிந்தவர், அதைப் புன்னகையாக மாற்றிக்கொண்டார். பின்னால் நரைத்த தாடியோடு புகைப்படக்காரர்.

"வாங்க மேடம், வாங்க. அப்பா காலையிலேருந்து உங்களுக்காகத்தான் காத்திட்டிருக்கார்" என்றான் அண்ணன். "எழுந்து நிக்க முடியலைன்னு தப்பா எடுத்துக்காதீங்க. முட்டி வலி."

"அய்யோ, பரவால்ல சார். ஐயாவைப் பார்த்ததே சந்தோஷம்." அந்த அம்மா குனிந்து அப்பாவைக் கும்பிட்டார். "எங்க மாமாவே உங்ககிட்டக் கத்துக்கிட்டவர்தான் ஐயா. ரிவர்ஸ் எடுக்கும்போது அடி வாங்கினதா இப்பவும் சொல்லிச் சிரிப்பார்."

அப்பாவின் இடது கண் அவரைப் பார்த்தது. பிறகு மகளைப் பார்த்தது.

"அப்பா கொஞ்சம் பேச்சு கம்மி" என்றான் அண்ணன்.

"பேச வேண்டாம் சார். நாங்க கேக்கறதுக்கு ஐயா ஒரு சரி சொன்னா போதும், இல்ல தலையாட்டினாலும் போதும். ஸ்கூல் இன்னும் ஐயா பேர்லதானே இருக்கு. அவர் வாயால சம்மதம் கேட்டுட்டு வாங்கன்னு மேலிடத்துல சொல்லியிருக்காங்க."

இது இளையவளுக்குப் புதிய சேதி. பள்ளியை அண்ணன் எப்போதோ தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான் என்றுதான் நினைத்திருந்தாள். ஆக, அப்பாவின் ஒரு தலையாட்டலுக்காகத்தான் இத்தனை குஷனும்.

புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கினார். அண்ணன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தோளைச் சுற்றிக் கை போட்டான். அண்ணி பின்னால் வந்து நின்றாள். நடுவில் இருந்த 'நம் குடும்பம்' குஷன் இப்போது அப்பாவின் மடியில் மினுங்கியது.

"ஐயா, கொஞ்சம் இங்க பாருங்க" என்றார் புகைப்படக்காரர். பார்த்துவிட்டுக் கேமராவைக் கொஞ்சம் இறக்கினார். மறுபடியும் ஏற்றினார். "சரிங்க" என்றார் மெதுவாக.

அப்பா சரியத் தொடங்கினார். குஷன்கள் விலாவைத்தான் பிடித்துக்கொண்டிருந்தன. தலை அவற்றைத் தாண்டி மெல்ல, மிக மெல்ல முன்னால் வந்தது. வாயின் தொங்கிய ஓரத்திலிருந்து எச்சில் நூலாக இறங்கி, நீண்டு, ஜிகினா எழுத்துகளின் மேல் விழுந்தது.

அண்ணன் பார்த்தான். கையை நீட்டினான். அவன் கை அப்பாவின் வாய்க்குப் போகும் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அது குஷனுக்குப் போனது. குஷனைப் பட்டென்று திருப்பி, எச்சில் படாத பக்கத்தை மேலே வைத்து, குழாய் தெரிகிறதா என்று சரிபார்த்து, அதற்குப் பிறகுதான் கைக்குட்டையைத் தேடினான்.

அப்பாவின் தொண்டை உருண்டது. இந்த முறை வெளியே வந்துவிட்டது.

"ச்சீ."

சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

மேலாளர் அம்மா முன்னால் குனிந்தார். "ஐயா ஏதோ சொல்றாரே?"

"சரின்னு சொல்றார் மேடம்" என்றான் அண்ணன். முகத்தில் நிஜமாகவே சந்தோஷம். "அவருக்கு நாக்கு கொஞ்சம் குழறும். சரின்னுதான் சொன்னார். இல்லப்பா?"

இளையவளுக்கு அந்த நிமிஷம் கோபம் கூட வரவில்லை. அதைத் தாண்டிய ஒன்று வந்தது. சோபா இடுக்கிலிருந்து கையை இழுத்துக்கொண்டபோது வந்ததே, அதே குமட்டல். இந்தத் தடவை கழுவிக்கொண்டு வர முடியாது. கூடப் பிறந்தவன்.

"சரின்னு சொல்லல" என்றாள். "சீன்னு சொன்னார்."

"பொடிசு, நீ சும்மா இரு."

"அவருக்கு முட்டி வலி இல்ல மேடம். பக்கவாதம். மாசக்கணக்காப் படுத்த படுக்கை. இந்தக் குஷனை எல்லாம் எடுத்தா அவர் விழுந்துடுவார். எனக்கு எப்படித் தெரியும்னா, அடுக்கி வச்சது நான்தான்."

அப்பாவின் முதுகைத் திருப்பிக் காட்டினால் ஒரே நொடியில் அண்ணன் கதை முடிந்துவிடும். அவள் கை அதற்காக எழுந்தும் விட்டது. அப்பாவின் இடது கண்ணைப் பார்த்ததும் இறக்கிக்கொண்டாள். வந்தவர்களுக்குக் காட்டுவதற்கென்று ஏற்கெனவே ஒருவன் அவரை உட்கார வைத்தது போதும்.

அண்ணனை எழச் சொல்லவில்லை. இடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள். அவன் எழுந்துதான் ஆகவேண்டியிருந்தது. முந்தானையால் அப்பாவின் வாயைத் துடைத்தாள். விலாவுக்குக் கொடுத்திருந்த கெட்டிக் குஷனை உருவித் தரையில் போட்டாள். அப்பா அவள் பக்கம் சாய்ந்தார். தலை அவள் தோளில் வந்து நின்றது. நாற்றம் குப்பென்று ஏறியது. அவள் முகத்தைத் திருப்பவில்லை.

புகைப்படக்காரர் கேமராவை மூடிப் பையில் வைத்துவிட்டார். மேலாளர் அம்மா பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பார்த்து, மறுபடி தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு" என்றார். உண்மையாகவே வருத்தமாகத்தான் இருந்தது அவர் முகம். பிறகு குரலைத் தாழ்த்தி அண்ணனிடம் கேட்டார். "அப்போ சார், சம்மதத்தை யார்கிட்ட வாங்கறது? நீங்க வாங்கித் தர்றதுக்கு வேற வழி ஏதாவது இருக்கா?"

இளையவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "மேடம், வெளியில எங்க கம்பெனி வேன் நிக்குது. உங்க காரைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்றீங்களா? அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

அந்த அம்மா எழுந்து போய்விட்டார். செருப்பு மாட்டும்போது அவர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியது கண்ணாடி ஜன்னலில் தெரிந்தது.

கதவு சாத்தியதும் அண்ணன் வெடித்தான். "கெடுத்துட்ட. எல்லாத்தையும் கெடுத்துட்ட. யாருக்காகப் பண்றேன்? அந்த ஸ்கூல் மூழ்கிட்டிருக்கு. அப்பா பேர் அழிஞ்சிடக் கூடாதுன்னுதான் இவ்வளவும்."

"பேரைக் காப்பாத்த ஆளை அழுக விட்டியா?"

"சொல்லுவ. ராத்திரி பகலா யார் பார்த்தது? பீயும் மூத்திரமும் யார் அள்ளினது? நீ வந்து அள்ளினியா?"

"கேட்டைத் திறந்தியா நீ?"

அவன் தரையில் கிடந்த குஷனை எட்டி உதைத்தான். அது சுவரில் மோதி அங்கேயே குந்தியது.

"இந்த வாசலைத் தாண்டி அவரைத் தூக்கிட்டுப் போனா, திரும்ப இங்க கொண்டு வராத" என்றான்.

"கொண்டு வருவேன்னு நினைச்சியா?"

வேன் ஓட்டுநரைக் கூப்பிட்டாள். அவருக்கு முன்னால் புகைப்படக்காரர் வந்துவிட்டார். மேலாளரோடு காரில் ஏறாமல் வாசலிலேயே நின்றிருந்தார் போலிருக்கிறது. "ரெண்டு பேரா தூக்கினா வலிக்கும். போர்வை கொடுங்க, நாலு மூலையும் பிடிச்சுக்கலாம்" என்றார். போர்வையை விரிக்க அப்பாவைப் புரட்டியபோது முதுகைப் பார்த்தார். தன் மேல்சட்டையைக் கழற்றி அங்கே போர்த்தினார்.

வேனின் பின்பக்கத்தில் கம்பெனியின் சோபா மெத்தைகள் இருந்தன. அவற்றின் மேல் அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். இளையவள் தரையில் உட்கார்ந்து அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைக்குப் பலம் இருந்தது. விரலை நசுக்குகிற மாதிரி பிடித்தார்.

"உங்களுக்கு என் மேல கோவமில்லையேப்பா?" என்று கேட்டாள்.

அப்பா தலையை ஆட்டினார். இல்லை என்று. யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லாத தலையாட்டல். இளையவள் அப்போதுதான் அழுதாள்.

ஓட்டுநர் கதவைச் சாத்தப் போன நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து அண்ணி ஓடி வந்தாள். கையில் மருந்துப் பை, தோளில் ஒரு பெரிய துணிப்பை. காலில் செருப்பு இல்லை.

"நானும் வர்றேன்" என்றாள், மூச்சு வாங்க.

இளையவள் அசையவில்லை. "எதுக்கு?"

"உன்னைக் கூப்பிடலாம்னு அவர்கிட்டச் சொன்னதே நான்தான். ஹாலை அழகு பண்ண உன்னை விட்டா ஆளில்லன்னு சொல்லிச் சொல்லி ஒத்துக்க வச்சேன். நீ வந்து உன் கண்ணால பார்க்கணும்னுதான்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே அண்ணி. புண்ணு அவ்வளவு பெருசாகற வரைக்கும் பார்த்துட்டு, சட்டையை வெட்டிப் போட்டு, பவுடரை அப்பி. அதுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்."

அண்ணியின் வாய் கோணியது. "என் போன் அவர்கிட்டதான் இருக்கு" என்றாள். "ரொம்ப நாளா."

உள்ளேயிருந்து அண்ணன் அவளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. முதலில் சாதாரணமாக. பிறகு வேறு குரலில். அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. வேனின் கதவு விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

அவளைப் பார்க்க இளையவளுக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பவுடர் டப்பாவைப் பிடித்த கை இது என்பதை மறக்கவும் முடியவில்லை. ஆனால் அந்த வீட்டு வாசலில் அவளை விட்டுவிட்டுப் போவதும் முடியாத காரியமாக இருந்தது.

"ஏறுங்க" என்றாள். "உங்களை மன்னிச்சிட்டேன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க."

அண்ணி ஏறினாள். கதவு சாத்தியது. வண்டி நகர்ந்தது. இருட்டில் தடுமாறி அப்பாவின் காலடியில் உட்கார்ந்தவள், போர்வை விலகியிருந்ததைப் பார்த்துச் சரிசெய்யக் கையை நீட்டினாள்.

அந்தக் கை போர்வையில் பட்டதுதான் தாமதம், அப்பாவின் உடம்பு முழுவதும் விறைத்தது. மகளின் விரல்களைப் பிடித்திருந்த கை வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஊசியைப் பார்த்த குழந்தை மாதிரி.

இளையவள் அப்பாவையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணி" என்றாள் மெதுவாக. "கையை எடுங்க. எடுத்துட்டுச் சொல்லுங்க. நீங்க இவரை என்ன பண்ணினீங்க?"